பழைய ஸ்டூடியோப் படத்தில் இருப்பவரை இன்றைய வீட்டுக்குள் அமர்த்துவது எப்படி? – விவாத இழை

கேள்வி: ஒரு வாசகர் (4 ஆகஸ்ட் 2025)

என் பாட்டியின் இளவயதுப் படம் ஒன்று எங்களிடம் உள்ளது. 1940களின் இறுதியில், ஒரு ஸ்டூடியோவில், வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் அவர் ஸ்டூலில் அமர்ந்திருக்கும் முழு உருவக் கறுப்பு வெள்ளைப் படம் அது. அவர் வாழ்ந்த வீட்டின் முற்றத்தை அண்மையில் வண்ணத்தில் படம் எடுத்து, இரண்டையும் ஃபோட்டோஷாப்பில் சேர்த்தேன். மென்பொருள் ஒரே சொடுக்கில் உருவத்தை முடியிழை தப்பாமல் வெட்டிக் கொடுத்துவிட்டது. ஆனாலும் பார்ப்பவர் எல்லோரும் ஒட்டிய படம் என்றுதான் சொல்கிறார்கள். விளிம்பு வெட்டுவதை இன்னும் ஆழமாகக் கற்க வேண்டுமா, அல்லது இது வேறு ஏதாவது குறையா?

குறிப்பு 1 (4 ஆகஸ்ட், இரவு)

விளிம்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒட்டிய தோற்றத்துக்கு முதற்காரணம் பெரும்பாலும் கேமராவின் உயரம். ஸ்டூடியோக்காரர் அமர்ந்திருப்பவரின் மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரில், கேமராவை நிறுத்தியிருப்பார். நீங்கள் முற்றத்தை நின்றபடி கண்ணளவு உயரத்திலிருந்து எடுத்திருப்பீர்கள். அப்படியானால் உங்கள் படத்தில் தரை அதிகமாகச் சாய்ந்து தெரியும், பாட்டியின் ஸ்டூலோ கிட்டத்தட்ட நேர்ப்பார்வையில் இருக்கும். இந்த முரண்பாட்டைச் சொற்களில் சொல்லத் தெரியாதவர்கூட உடனே உணர்ந்துவிடுவார்.

பழைய படத்தை நம்மால் மாற்ற முடியாது. முற்றம் இன்னும் இருக்கிறது. ஆகவே பின்னணியைப் பாட்டியின் படத்துக்கு ஏற்ப மறுபடி எடுங்கள். படச்சேர்க்கை கற்பவர்கள் பெரும்பாலும் கைக்குக் கிடைத்த இரண்டு படங்களை மென்பொருளுக்குள் கொண்டுவந்து அங்கே சண்டையிடுகிறார்கள். வேலையின் பெரும்பகுதி கேமராவின் பின்னால் நடக்க வேண்டியது என்பதே என் உறுதியான எண்ணம்.

குறிப்பு 2 (5 ஆகஸ்ட்)

உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டூலின் இருக்கைப் பலகையைப் பாருங்கள். அதன் இரு பக்க விளிம்புகளின் மீதும் கோடு இழுத்துப் பின்னோக்கி நீட்டினால் இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளி வழியாகச் செல்லும் கிடைக்கோடுதான் கேமரா இருந்த உயரம். அது பாட்டியின் உடலில் எந்த இடத்தை வெட்டுகிறதோ, அந்த இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஸ்டூல் கேமராவுக்கு நேர்முகமாக இல்லாமல் திரும்பியிருந்தாலும் இந்த வழி செல்லும். பலகையின் மேற்பரப்பு மெல்லிய கீற்றாகத்தான் தெரிகிறது என்றால், கேமரா பலகையைவிடச் சற்றே உயரத்தில் இருந்தது என்று பொருள்.

தூரத்தையும் ஸ்டூலே சொல்லிவிடும். பலகை முன்னும் பின்னும் ஒரே அகலம் கொண்டது என்றும், அதன் ஆழம் 45 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். படத்தில் முன் விளிம்பு பின் விளிம்பைவிட 15 விழுக்காடு அகலமாகத் தெரிந்தால், முன் விளிம்பு கேமராவிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்திருக்கிறது (3.45-ஐ 3-ஆல் வகுத்தால் 1.15). முற்றத்தில் ஒரு ஸ்டூலை வைத்து, அதே தூரத்தில், அதே உயரத்தில் கேமராவை நிறுத்துங்கள். எந்த லென்ஸைப் பொருத்துகிறீர்கள் என்பது இங்கே பெரிய விஷயம் இல்லை. பொருள்களின் ஒப்பளவுத் தோற்றத்தைத் தீர்மானிப்பது தூரம். லென்ஸ் எவ்வளவு பரப்பைப் படத்துக்குள் கொண்டுவருவது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது.

ஓர் எச்சரிக்கை: திரைச்சீலையில் வரைந்திருக்கும் தூண், படிக்கட்டு, தோட்டப் பாதை எதையும் அளவுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றின் கோடுகள் ஓவியர் மனத்தில் இருந்த கண்மட்டத்துக்குச் செல்பவை. கேமராவின் முன் உண்மையாக இருந்த ஸ்டூல், பாய், மேசை ஆகியவற்றை மட்டும் நம்புங்கள்.

குறிப்பு 3 (5 ஆகஸ்ட், சற்றுப் பிறகு)

ஒளியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாட்டியின் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, தாடைக்குக் கீழே கழுத்தில் இருள் எவ்வளவு, புடவை மடிப்புகளில் எந்தப் பக்கம் வெளிச்சம் என்று பாருங்கள். கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளியை மட்டும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அக்கால ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மீது பென்சிலால் ரீடச் செய்வார்கள், கண்ணின் ஒளிப்புள்ளியையும் விட்டுவைக்க மாட்டார்கள். புடவை மடிப்பை அவ்வளவு பொறுமையாக யாரும் திருத்துவதில்லை. அதனால் மடிப்பு உண்மையைச் சொல்லும்.

ஸ்டூடியோ வெளிச்சம் வழக்கமாக முன்புறம், சற்று மேலே, ஒரு பக்கமாக இருக்கும். முற்றத்தின் நடுவில் உட்கார்ந்தால் வெளிச்சம் உச்சந்தலையில் இறங்கி, கண்குழிகள் இருண்டுவிடும். ஆகவே பாட்டியை முற்றத்தின் நடுவில் வைக்காதீர்கள். தாழ்வாரத்தில், முற்றத்தை நோக்கியபடி அமர்த்துங்கள். அங்கே திறந்த வானத்தின் வெளிச்சம் முன்புறம் மேலிருந்து மென்மையாக வந்து முகத்தில் விழும். கண்ணாடிக் கூரை போட்ட பழைய ஸ்டூடியோக்களில் கிடைத்த வெளிச்சத்துக்கு இதுவே மிக நெருக்கமானது. கேமரா முற்றத்துக்குள் நின்று தாழ்வாரத்தைப் பார்க்கட்டும்.

குறிப்பு 4 (7 ஆகஸ்ட்)

மேலே சொன்னதற்கு ஒரு வரம்பு சேர்க்க வேண்டும். உச்சிப் பொழுதில் முற்றத்துத் தரையில் வெயில் நேராக விழுந்தால், அந்தத் தரையே பெரிய விளக்காகிவிடுகிறது. தாழ்வாரத்தில் இருப்பவரின் முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் வந்து, தாடையின் அடிப்பகுதி துலங்கும். எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்ட் தரையில் இது மிகத் தெளிவாகத் தெரியும். வெள்ளைச் சட்டை அணிந்தவரின் கைமடிப்புகூடச் செம்மை ஏறி நிற்கும். ஸ்டூடியோப் படத்தில் கழுத்து இருண்டிருக்கும்போது பின்னணியில் கீழிருந்து வெளிச்சம் வந்தால் இரண்டும் ஒருபோதும் சேராது. வெயில் தரையைத் தொடுவதற்கு முந்தைய காலைப் பொழுதிலோ மேகம் மூடிய நாளிலோ எடுங்கள்.

குறிப்பு 5 (11 ஆகஸ்ட்)

மறுபடி எடுத்த படத்தைப் பார்த்தேன். ஸ்டூலின் கோணமும் தரையின் கோணமும் இப்போது ஒத்துப்போகின்றன. இனிப் பேச வேண்டியது நிழலை. நீங்கள் ஸ்டூலுக்குக் கீழே போட்டிருப்பது மென்மையான கறுப்பு நீள்வட்டம். எல்லோரும் முதலில் அதைத்தான் போடுகிறார்கள், அதனால்தான் எல்லோருடைய உருவமும் தரைக்கு மேல் மிதக்கிறது. நிழலில் குறைந்தது இரண்டு பகுதிகள் உண்டு. பொருள் தரையைத் தொடும் இடத்தில் மிகக் குறுகிய, அடர்ந்த கோடு ஒன்று இருக்கும். ஸ்டூல் காலின் அடியில் அது சில மில்லிமீட்டரே வரும். அதைச் சுற்றி, வானத்தின் ஒரு பகுதியைப் பொருள் மறைப்பதால் உண்டாகும் அகன்ற, மிக மெல்லிய இருள் பரவியிருக்கும். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதை எவ்வளவு அழகாக வரைந்தாலும் பயனில்லை.

நேர் வெயிலில் எடுக்கும் படங்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. சூரியன் நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள வட்டமாகத் தெரிகிறது. அதனால் நிழலின் ஓரம், நிழலை உண்டாக்கும் பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் உள்ள தூரத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கும். ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் கைவிரலின் நிழல், சூரியன் உச்சியில் இருக்கையில், தரையில் ஒரு செ.மீ. அளவுக்குக் கலங்கும். பாதத்தின் நிழல் கூர்மையாக இருக்கும். நிழல் முழுவதற்கும் ஒரே அளவு பிளர் போடுவது ஏன் பொய்யாகத் தெரிகிறது என்பதற்கு இதுவே விடை.

இவற்றையெல்லாம் வரைவதைவிட நல்ல வழி, நிழலையும் படம் எடுப்பது. கேமராவை டிரைபாடில் அசையாமல் நிறுத்தி, எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் மாறாமல் வைத்து, வெறும் தாழ்வாரத்தை ஒரு முறை எடுங்கள். பிறகு வீட்டில் ஒருவரைப் பாட்டி அமர்ந்திருக்கும் அதே நிலையில் ஸ்டூலில் அமர்த்தி இன்னொரு முறை எடுங்கள். ஆள் இருக்கும் படத்தின் மேல் வெறும் படத்தை வைத்து, பிளெண்ட் மோடை (மேலுள்ள படம் கீழுள்ளதோடு கலக்கும் முறையை) டிவைட், அதாவது வகுத்தல், என்று மாற்றினால், மாறாத இடமெல்லாம் வெள்ளையாகி நிழல் மட்டும் சாம்பலாகத் தங்கும். அந்த முடிவை வெறும் தாழ்வாரத்தின் மேல் மல்டிப்ளை (பெருக்கல்) முறையில் வைத்தால் அந்த இடத்துக்கே உரிய நிழல் கிடைக்கும். அமர்ந்த ஆள் தெரியும் பகுதியை மாஸ்க்கால் (வேண்டாத இடத்தை அழிக்காமல் மறைக்கும் திரையால்) மறையுங்கள், அதன் மேல் பாட்டி வந்துவிடுவார்.

குறிப்பு 6 (12 ஆகஸ்ட்)

வேறொரு வாசகர், டிரைபாட் இல்லாமல் முடியாதா என்று கேட்டிருக்கிறார். முடியும். கேமராவையோ கைப்பேசியையோ முக்காலியின் மேல் செங்கல்லுக்கு நடுவே இறுக்கி வைத்து, டைமரில் எடுத்தால் போதும். இரண்டு எடுப்புகளுக்கு இடையே அசையக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கைப்பேசியின் தானியங்கித் திருத்தங்கள் ஒவ்வொரு எடுப்பிலும் மாறும் என்பதால், ரா கோப்பாக, அதாவது திருத்தம் எதுவும் செய்யாத மூலக் கோப்பாக, சேமிக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

குறிப்பு 7 (16 ஆகஸ்ட்)

வண்ணமா, கறுப்பு வெள்ளையா? வண்ண வீட்டுக்குள் கறுப்பு வெள்ளைப் பாட்டி அமர்ந்திருப்பது ஒரு முடிவு. காலங்கள் வேறு என்பதை அது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. வீட்டையும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது இன்னொரு முடிவு. இரண்டாவதைத் தேர்ந்தால், நிறத்தை வெறுமனே நீக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். அக்காலத்தில் ஆர்த்தோகுரோமாட்டிக், பான்குரோமாட்டிக் என இரு வகை ஃபிலிமும் புழக்கத்தில் இருந்தன. முதல் வகைக்குச் சிவப்பு நிறம் தெரியாது. பாட்டியின் உதடும் குங்குமமும் கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தால் அது ஆர்த்தோவாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் சேனல் மிக்சரில் (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே மாற்றும் கருவியில்) சிவப்பை முழுக்கக் குறைத்து, பச்சையும் நீலமும் கொண்டு வீட்டை மாற்றுங்கள். உங்கள் சிவப்புத் தரை இருண்டு போகும், நீலக் கதவு வெளுக்கும். அந்த ஃபிலிம் உங்கள் வீட்டைப் பார்த்திருந்தால் அப்படித்தான் பார்த்திருக்கும். இந்த ஒரு மாற்றம், விளிம்பில் பல மணி நேரம் செலவிடுவதைவிட அதிகமாக இரண்டு படங்களையும் நெருங்கச் செய்யும்.

குறிப்பு 8 (17 ஆகஸ்ட்)

இப்போது விளிம்புக்கு வரலாம். முதல் குறிப்பில் அதை விட்டுவிடச் சொன்னது வேலையின் வரிசைக்காக. அது தேவையில்லை என்பது என் கருத்து இல்லை. வெளிறிய திரைச்சீலையிலிருந்து வெட்டிய முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முடியிழை ஒரு பிக்சலை முழுமையாக நிரப்புவதில்லை. அந்த பிக்சலில் பாதி முடி, பாதி திரைச்சீலை. மாஸ்க் அந்த பிக்சலைப் பாதி ஊடுருவும்படி செய்கிறது, ஆனால் அதற்குள் கலந்துவிட்ட திரைச்சீலையின் வெளிறல் அப்படியே கூட வருகிறது. எனவே மாஸ்க்கைச் சுருக்குவதோடு நிறுத்தாமல், விளிம்பு பிக்சல்களின் மேல் ஒரு லேயர் (தனி அடுக்கு) வைத்து, முடியின் உட்பகுதியிலிருந்து எடுத்த கருமையை மெல்லத் தீட்ட வேண்டும். உருவத்தை இருண்ட சுவருக்கு முன் வைக்காமல், திரைச்சீலையின் வெளிறலை ஒத்த சுண்ணாம்புச் சுவருக்கு முன் வைத்தால் பாதிச் சிக்கல் தானே மறையும். பின்னணியைத் தேர்வதில் இதையும் கவனிக்கலாம்.

இன்னொரு நுட்பக் காரணமும் இருக்கிறது. கறுப்பையும் வெள்ளையையும் உண்மையான ஒளியின் அளவில் சரிபாதியாகக் கலந்தால், எஸ்ஆர்ஜிபி என்னும் வழக்கமான வண்ண முறையில் சேமித்த கோப்பில் அது 255-க்கு 188 என்று பதிவாக வேண்டும். மென்பொருள் கோப்பின் எண்களை நேரடியாகக் கலந்தால் 128 வந்துவிடும், அது கண்ணுக்கு மிகவும் இருண்டது. விளிம்பில் காரணம் தெரியாமல் வரும் கருங்கோட்டுக்கு இதுவும் ஒரு மூலம். ஃபோட்டோஷாப்பின் வண்ண அமைப்புகளில் 1.0 காமாவில், அதாவது ஒளி அளவிலேயே, கலக்கும் தேர்வு உண்டு. ஜிம்ப் என்னும் இலவசப் படத்திருத்த மென்பொருள் 2018-இல் வெளிவந்த 2.10 பதிப்பிலிருந்தே ஒளி அளவில் கலக்கும் வசதியுடன் வருகிறது.

குறிப்பு 9 (20 ஆகஸ்ட்)

ஸ்கேன் பற்றி. தாளின் சொரசொரப்பு பாட்டியின் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறது. ஸ்கேனரின் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து வருவதால் தாளின் மேடு பள்ளங்கள் நிழல் விடுகின்றன. படத்தை ஒரு முறை நேராகவும், 180 பாகை திருப்பி வைத்து இன்னொரு முறையும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, மேல் லேயரை 50 விழுக்காடு ஒளிபுகுதிறனில் வையுங்கள். எதிரெதிர் நிழல்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். 16-பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். 8-பிட்டில் 256 படிகள்தான் உண்டு. சுவரின் மென்மையான இருள்மாற்றத்தில் கர்வ்ஸை (இருள், வெளிச்ச அளவுகளை மாற்றும் வளைகோட்டை) கொஞ்சம் இழுத்தாலும் பட்டை பட்டையாக உடையும்.

குறிப்பு 10 (20 ஆகஸ்ட்)

ஃபிலிமின் மணிகள் (படத்தில் தெரியும் நுண்துகள்கள்) நடுத்தர வெளிச்சத்தில் அதிகம் தெரிபவை. டிஜிட்டல் கேமராவின் நாய்ஸ் (படத்தில் ஒழுங்கின்றி விழும் புள்ளிகள்) இருளில் அதிகம் தெரிவது. ஆகவே வீட்டுப் படத்தின் நாய்ஸை முதலில் குறைத்துவிட்டு, பாட்டியின் படத்தில் உள்ள மணிகளின் அளவுக்கு ஏற்ப நடுத்தர வெளிச்சத்தில் புதிதாக மணி சேர்க்க வேண்டும். எல்லா லேயர்களுக்கும் மேலே, கடைசியாக, இரண்டுக்கும் பொதுவாக இன்னும் ஒரு மெல்லிய மணி லேயர் போட்டால் இணைப்பு இறுகும்.

குறிப்பு 11 (24 ஆகஸ்ட்)

செயற்கை நுண்ணறிவுக் கருவியால் முகத்தைத் தெளிவாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய கருவி மங்கலான முகத்தில் இல்லாத விவரத்தைத் தானே உருவாக்கிப் போடுகிறது. இமை, பல்வரிசை, கன்னத்தின் வளைவு எல்லாம் அது பார்த்துப் பழகிய வேறு ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து வருபவை. படம் கூர்மையாகும், பாட்டி காணாமல் போவார். அவரை நேரில் பார்த்தவர்கள் இன்னும் சில ஆண்டுகளில் இல்லாமல் போகலாம். அதன் பிறகு அந்தப் புதிய முகமே அவர் முகமாக நிலைத்துவிடும். சுவரின் விரிசலை நிரப்ப அக்கருவியைப் பயன்படுத்துங்கள், எனக்கு மறுப்பில்லை. முகத்தை மங்கலாகவே விடுங்கள்.

குறிப்பு 12 (26 ஆகஸ்ட்)

‘சேர்த்துச் செய்த படம் புகைப்படமா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி டிஜிட்டலுக்கு மிக முந்தியது. 1850களின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு அளவு மீறி உணர்வு கொண்டவை. கடலுக்குப் போதிய ஒளி கொடுத்தால் வானம் வெளுத்துவிடும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ க்ரே கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு இன்னொரு நெகட்டிவும் எடுத்து, தொடுவானத்தில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். 1857-இல் மான்செஸ்டரில் நடந்த பெரும் கலைக் காட்சியில் ஆஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களிலிருந்து உருவாக்கிய ஒரே படத்தை வைத்தார். விக்டோரியா அரசி அதன் படி ஒன்றை வாங்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, மரணப் படுக்கையில் கிடக்கும் ஓர் இளம்பெண்ணைச் சுற்றிக் குடும்பம் இருக்கும் காட்சியைச் செய்தார். அவர்கள் ஒவ்வொரு துண்டையும் சேர்க்கையை மனத்தில் வைத்தே எடுத்தார்கள். பின்னால் சரிசெய்துகொள்ளும் வசதி அவர்களுக்கு மிகக் குறைவு. நான் முதல் குறிப்பில் வலியுறுத்தியது இதைத்தான்.

நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் குழுப்படத்தில் இருக்கும் ஒருவரின் முகத்தைத் தனியே பெரிதாக்கி, கோட்டு அணிந்த உடலோடு பொருத்தி, இறந்தவருக்கு மாலை போடுவதற்கு ஏற்ற படமாகச் செய்து தருவது நெடுநாள் வழக்கம். அந்தக் கலைஞர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

உங்கள் முயற்சிக்கு மிக அருகில் இருப்பது விவான் சுந்தரம் 2001–02-இல் செய்த தொடர். அவர் ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லின் தங்கை மகன். தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் சேர்த்து, வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட அம்ரிதாவையும் உறவினரையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்தார். முழுவதும் கறுப்பு வெள்ளை. அவற்றை உற்றுப் பாருங்கள். நுட்பத்தைவிட, யாரை யாருக்கு அருகில் நிறுத்துகிறார் என்பதில்தான் அவற்றின் கனம் இருக்கிறது.

குறிப்பு 13 (29 ஆகஸ்ட்)

மேலே எழுதியதை எண்ணிப் பார்த்தபோது உங்கள் படத்தில் ஒன்று தோன்றியது. ஸ்டூடியோவில் பாட்டி லென்ஸைப் பார்க்கிறார், அதாவது முன்பின் தெரியாத ஒரு ஸ்டூடியோக்காரரைப் பார்க்கிறார். தாழ்வாரத்தில் அமர்த்திய பிறகு அதே பார்வை முற்றத்தில் நிற்பவர் மேல் விழுகிறது. அங்கே நிற்பது நீங்கள். முகத்தில் இருக்கும் அந்த இறுக்கம் இப்போது வேறு பொருள் கொள்கிறது: வீட்டுக்கு வந்த அந்நியரைப் பார்ப்பது போல. இதை மறைக்க வேண்டுமா, அல்லது படத்தின் மையமே அதுவா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மையம் என்றால், வீட்டில் இருக்கும் மற்ற பொருள்களைக் குறைத்து, அவருக்குப் பின்னால் திறந்த கதவு ஒன்றை மட்டும் வைக்கலாம் என்பது என் யோசனை.

குறிப்பு 14 (2 செப்டம்பர்)

இறுதிச் சரிபார்ப்புக்கு ஒரு வழி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் வைத்து, கோட்டை அலை போல மேலும் கீழும் பல முறை வளையுங்கள். படம் விகாரமாகும், அந்த விகாரத்தில் பாட்டியின் இருள் அளவும் சுவரின் இருள் அளவும் எங்கே பிரிகின்றன என்பது பளிச்சென்று தெரியும். திருத்திய பின் அந்த லேயரை அணைத்துவிடுங்கள். பிறகு தாளில் ஒரு சிறிய அச்சு எடுத்துப் பாருங்கள். மேட் தாளில் கறுப்பு வெளிறுவதால், திரையில் மறைந்திருந்த நிழல் இணைப்புகள் அங்கே வெளியே வரும்.

குறிப்பு 15 (3 செப்டம்பர்)

மூலப்படத்தின் ஸ்கேனைத் தொடாமல் தனிக் கோப்பாக வையுங்கள். அச்சின் பின்புறத்தில், இரண்டு படங்கள் சேர்ந்தது என்றும், எவை, எந்த ஆண்டுக்குரியவை என்றும் பென்சிலால் எழுதுங்கள். கோப்பின் விவரக் குறிப்பிலும் அதையே பதியுங்கள். லேயர்களோடு சேமிக்கும் கோப்பு 2 ஜிபியைத் தாண்டினால் ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி வடிவம் ஏற்காது, பெரிய கோப்புக்கான பிஎஸ்பி வடிவத்தில் சேமிக்க வேண்டும். கதவு திறந்த படத்தை எடுத்ததும் இங்கே இடுங்கள், நிழலை மறுபடி பார்க்கலாம்.